வெளியூர்ப் பிள்ளைகள் வந்ததும் நம் பிள்ளைக்கு இடமில்லை: இருப்பதா, மாறுவதா, ஊர் லீக்குக்குத் திரும்புவதா?

மே மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் சாக்கர் (கால்பந்து) ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ட்ரை-அவுட் பேச்சுதான், அதாவது அடுத்த பருவத்துக்கு அணிகள் ஆள் எடுக்கும் தேர்வு. இந்த ஆண்டும் தெரிந்த அம்மாக்கள் மூன்று நான்கு பேர் அழைத்துக் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, நாலு வருஷமா அதே கிளப். ஒரு தடவைகூட ஃபீஸ் லேட்டாக் கட்டினதில்லை. இப்போ ஒரு மணி நேர தூரத்துல இருந்து அஞ்சு பசங்களைக் கூட்டிட்டு வந்து, இவனை ரெண்டாவது டீமுக்கு அனுப்பிட்டாங்க. 48 மணி நேரத்துல பதில் சொல்லணுமாம். என்ன பண்றது?"

எங்கள் வீட்டிலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதுதான் நடந்தது. மகளுக்கு அப்போது 11 வயது. ஏழு வயதிலிருந்து ஆடிய கிளப். ட்ரை-அவுட் அன்று திடலில் புதிதாக நான்கு பெண்கள் நின்றார்கள். பந்து உருள்வதற்கு முன்பே கோச் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரவு வந்த மின்னஞ்சலில் மகளின் பெயர் இரண்டாம் அணியில் இருந்தது. "அம்மா, நான் சரியா ஆடலையா?" என்று கேட்டாள். அவள் நன்றாகத்தான் ஆடினாள். அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் இன்றுவரை எனக்கே நிறைவாக இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்து சேர்ந்த பிள்ளைகள் மேல் கோபப்பட எதுவும் இல்லை. அவர்களுக்கும் 11 வயதுதான். வாரம் மூன்று நாள் காரிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருகிறார்கள். முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள். இனி நாம் எடுக்கப்போவதும் பெரியவர்களின் முடிவுதான், அதைக் கொஞ்சம் நிதானமாக எடுப்போம்.

## கிளப்புகள் ஏன் வெளியே தேடுகின்றன

இது தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

டிராவல் கிளப், அதாவது ட்ரை-அவுட் வைத்து ஆள் எடுத்து வெளியூர்களுக்குப் போய் ஆடும் கட்டணக் கிளப், பெரும்பாலும் ஒரே வயதில் இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து அணிகள்கூட நடத்தும். முதல் அணி ஜெயித்தால் கிளப்புக்கு மேல்மட்ட லீக்கில் இடம் கிடைக்கும். பெண்களுக்காக 2009இல் தொடங்கிய இ.சி.என்.எல்., 2020இல் வந்த எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் போன்ற லீக்குகளின் பெயர் கிளப்பின் சட்டையில் ஏறிவிட்டால், அடுத்த ட்ரை-அவுட்டுக்கு இரண்டு மடங்கு பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது இரண்டாம், மூன்றாம் அணிகளில். கட்டணமோ முதல் அணிக்கு ஏறக்குறைய சமம். முழுநேரக் கோச்சுகளின் சம்பளமும், வெளியிலிருந்து வரும் திறமையான பிள்ளைக்குத் தரும் கட்டணச் சலுகையும் பல கிளப்புகளில் இந்தப் பணத்திலிருந்துதான் போகின்றன. முதல் அணி கடை முகப்பு, மற்ற அணிகள் கல்லாப்பெட்டி என்று எங்கள் பக்கத்து அப்பா ஒருவர் சொல்வார். கசப்பாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

இந்தக் கணக்கை நீங்களே பார்க்கலாம். பல கிளப்புகள் 501 சி 3 வகை லாப நோக்கற்ற அமைப்புகள். அவை வருமான வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொது ஆவணம். கட்டணமாக எவ்வளவு வந்தது, சம்பளமாக எவ்வளவு போனது என்பது அதில் இருக்கும். ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சின்னக் கிளப் என்றால் ஓர் அஞ்சலட்டை அளவு விவரம்தான் கிடைக்கும். பெரிய கிளப் என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். யாருக்காக அந்தக் கிளப் நடக்கிறது என்பது விளம்பரத் தாளைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், களத்தில் நிற்கும் நிமிடங்கள். 11, 12 வயதுப் பிரிவில் ஒன்பது பேர் ஆடுவார்கள், ஆட்டம் 60 நிமிடம். 13 வயதில் பதினொரு பேர், 70 நிமிடம். இரண்டாம் அணிக்குப் போன பிறகு அந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்களில் மகளின் நிமிடங்களை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 22 நிமிடம் வந்தது. இரண்டாம் அணியிலும் இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். கோச் நல்லவரா, சட்டை அழகா என்பதெல்லாம் இந்த எண்ணுக்குப் பின்னால்தான். ஆடாத பிள்ளை கற்பதில்லை.

இரண்டாவது வயது. இதைப் பெற்றோர் மிகக் குறைவாக மதிக்கிறார்கள். ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் அறிவுறுத்தியது. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருத்தல் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஒன்பது வயதில் முதல் அணி கைநழுவுவதும் பதினைந்து வயதில் நழுவுவதும் ஒன்றாகாது. ஒன்பது வயதில் உயரமாக இருக்கும் பிள்ளை வேகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம், பிறந்த மாதம். 2017 முதல் அமெரிக்காவில் சாக்கர் வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் டிசம்பர்வரை கணக்கிடப்பட்டன. 2026-27 பருவத்திலிருந்து பெரும்பாலான லீக்குகள் ஆகஸ்ட் முதல் ஜூலைவரை என்ற கணக்குக்குத் திரும்புகின்றன. அதாவது அக்டோபரில் பிறந்த பிள்ளை இதுவரை தன் பிரிவில் இளையவர், இனி மூத்தவர்களில் ஒருவர். உங்கள் பிள்ளை ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் நடுவில் பிறந்திருந்தால், பழைய கணக்கில் இடம் கிடைக்காததை வைத்துப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். புதிய கணக்கில் நடக்கும் ட்ரை-அவுட்டில் பக்கத்தில் நிற்பவர்களே வேறு ஆட்களாக இருப்பார்கள். மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு இது நேர்மாறு.

மூன்றாவது, முழுச் செலவு. கட்டணம் மட்டும் கணக்கில்லை. 2024இல் ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு பெற்றோரிடம் கேட்டபோது, ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு ஒரு குடும்பம் செலவழிப்பது ஆண்டுக்குச் சராசரி 1,016 டாலர் என்று வந்தது. 2019ஐவிட 46 சதவீதம் அதிகம். அதில் ஊர் லீக் பிள்ளைகளும் சேர்த்தி. டிராவல் கிளப் என்றால் கட்டணமே பல இடங்களில் 1,500 முதல் 3,000 டாலர், அதன் மேல் சீருடை, டோர்னமெண்ட், ஓட்டல், பெட்ரோல்.

நான்காவது, குடும்பத்தின் நேரம். தம்பி தங்கையின் பாட்டு வகுப்பும் இதில் அடங்கும்.

ஐந்தாவதாகப் பலர் காலேஜ் ஸ்காலர்ஷிப்பைச் சொல்வார்கள். அதை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பள்ளியில் ஆடும் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் 2 சதவீதத்தையொட்டி. டிவிஷன் மூன்று கல்லூரிகளும், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. பன்னிரண்டு வயதில் எடுக்கும் முடிவை அந்தக் கதவை நினைத்து எடுக்க வேண்டாம்.

## வழி 1: அதே கிளப்பில் இரண்டாம் அணியில் இருப்பது

எளிதான வழி. திடல் தெரியும், கார்பூல் அமைந்திருக்கும், தோழிகளில் பாதிப் பேர் கூடவே இருப்பார்கள். கோச் அக்கறையானவர் என்றால் இரண்டாம் அணி பிள்ளைக்கு நல்லதுகூட. முதல் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை இங்கே நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, கட்டணம் அதேதான், கிடைப்பது குறைவு. நல்ல திடல், நல்ல நேரம், மூத்த கோச் எல்லாம் முதல் அணிக்கு. இரண்டாவது, மேலேயிருந்து இறங்கி வருபவர்கள். முதல் அணியில் ஆட்டம் கிடைக்காத பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அணியில் இறக்குவார்கள். டோர்னமெண்ட் வந்தால் கெஸ்ட் பிளேயர் என்று வெளியிலிருந்தும் ஆள் வரும். 22 நிமிடக் கணக்கின் காரணம் இதுதான். மூன்று மணி நேரம் காரோட்டி, டோர்னமெண்ட் நடத்துபவர்கள் சொன்ன ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்பதால் கூடுதல் வாடகை கொடுத்துத் தங்கி, காலை எட்டு மணி ஆட்டத்தில் மகள் குளிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் அதுவரை நாங்கள் பார்த்தே இராத ஒரு பெண் ஆடினாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க காபி வாங்கப் போனேன்.

மூன்றாவது செலவு பிள்ளையின் மனதில். "அடுத்த வருஷம் மேலே போகலாம்" என்று கிளப் சொல்லும். கேட்க வேண்டிய கேள்வி, கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டாம் அணியிலிருந்து எத்தனை பேர் உண்மையில் மேலே போனார்கள் என்பது. பெயர்கள் வேண்டாம், எண் போதும். எண் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

சரி, எப்போது இது நல்ல வழி? இரண்டாம் அணிக்கு நிலையான கோச் இருந்து, ரோஸ்டர் (அணியின் ஆள் பட்டியல்) சிறியதாக இருந்து, பிள்ளை தோழிகளோடு இருப்பதையே பெரிதாக நினைத்தால். ஒன்பது பேர் ஆடும் பிரிவில் ரோஸ்டர் 16வரை போகலாம். 12, 13 என்றால் யோசிக்கலாம். 16 என்றால் ஏழு பேர் எப்போதும் வெளியே.

## வழி 2: வேறு கிளப்புக்கு மாறுவது

ஆத்திரத்தில் பெரும்பாலோர் எடுக்கும் வழி இது. சில நேரம் சரியான வழியும்கூட.

மாறும் முன் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்த ஊரில் நம் பிள்ளைதான் வெளியூர்ப் பிள்ளை. நம்மால் அங்கே ஒரு பிள்ளை இரண்டாம் அணிக்கு இறங்கும். இதைச் சொல்லி யாரையும் குற்ற உணர்வில் தள்ள நான் விரும்பவில்லை. புதிய அணியில் முதல் சில மாதங்கள் யாரும் நம் பிள்ளைக்குப் பந்து தராமல் இருந்தால் ஏன் என்று புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

தூரக் கணக்கைத் தாளில் போடுங்கள். போக 50 நிமிடம், வர 50 நிமிடம், வாரம் மூன்று பயிற்சி: ஐந்து மணி நேரம் காரில். வார இறுதி ஆட்டம் தனி. பத்து மாதப் பருவத்தில் இது 200 மணி நேரத்தைத் தொடும். அதே 200 மணியில் பாதியை வீட்டுக்குப் பின்னால் பந்தோடு கழித்தால் எந்தப் பிள்ளையும் முன்னேறும். ஒன்பதாம் வகுப்பில் வீட்டுப்பாடம் கூடும்போது இந்த ஐந்து மணி நேரம்தான் முதலில் இடிக்கும்.

பணத்தில் கவனிக்க வேண்டியது, பழைய கிளப்பின் ஒப்பந்தம். ஆஃபரை (அணியில் இடம் தருவதாகக் கிளப் அனுப்பும் அழைப்பை) ஏற்றுக் கையெழுத்திட்டால் பல கிளப்புகளில் ஆண்டு முழுவதற்குமான கட்டணத்துக்கு நாம் பொறுப்பு, நடுவில் விலகினாலும். பாக்கி இருந்தால் வேறு கிளப்பில் ஆட விடுவிப்புக் கிடைக்காத இடங்களும் உண்டு. அதனால் மாறுவதென்றால் ட்ரை-அவுட் காலத்திலேயே மாறுங்கள், அக்டோபரில் மனம் வெறுத்துப்போய் மாறாதீர்கள்.

பள்ளி அணி ஆசை இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு நடத்திய மேல்மட்ட இளைஞர் லீக்கான பழைய டெவலப்மென்ட் அகாடமி 2012 முதல் பத்து மாதப் பருவமாகி, பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அந்த அகாடமி 2020இல் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பழக்கம் மேல்மட்ட லீக்குகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நீங்கள் சேரும் அணி பள்ளி ஆட்டத்தை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இது யாருக்கு ஏற்றது? 13, 14 வயதைத் தாண்டி, பிள்ளை தானே "நான் போகணும்" என்று சொல்லி, தூரம் அரை மணிக்குள் இருந்தால். சின்னக் கிளப்பின் முதல் அணி, பெரிய கிளப்பின் மூன்றாம் அணியைவிடப் பெரும்பாலும் மேல். பெயரில் சின்னதாக இருக்கும், ஆட்டத்தில் இருக்காது.

## வழி 3: ஊர் லீக், பள்ளி அணி

இதைச் சொன்னாலே பல பெற்றோரின் முகம் வாடும். கீழே இறங்குவதுபோல் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏ.ஒய்.எஸ்.ஓ. 1964இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸில் தொடங்கிய, பல ஊர்களில் சாக்கர் லீக் நடத்தும் அமைப்பு. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆடியே தீர வேண்டும் என்பது விதி. கோச்சின் தயவு இல்லை. அணிகளையும் பலம் சமமாக இருக்கும்படி கலைத்துப் பிரிப்பார்கள். யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், ட்ரை-அவுட் கிடையாது. 60 நிமிட ஆட்டத்தில் 30 நிமிடம் உறுதி. நான் குறித்த 22ஐ நினைத்துப் பாருங்கள்.

பேஸ்பாலில் லிட்டில் லீக் இன்னும் கண்டிப்பு. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பிறந்த அந்த அமைப்பில் ஒவ்வொரு லீக்குக்கும் எல்லைக்கோடு உண்டு. வீடோ பள்ளியோ அந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கு ஆவணம் காட்ட வேண்டும். வெளியாளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணி சாட்சி. 2014இல் அமெரிக்கப் பட்டத்தை வென்ற அந்தப் பிள்ளைகளை நாடே கொண்டாடியது. எல்லைக்கு வெளியே இருந்தவர்களை அணியில் சேர்த்திருந்தார்கள் என்று தெரிந்ததும் 2015 பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டு, லாஸ் வேகாஸ் அணிக்குப் போனது. வரைபடத்தில் கோட்டை நகர்த்தியவர்கள் பெரியவர்கள், பட்டத்தை இழந்தவர்கள் பதினொன்று பன்னிரண்டு வயதுப் பையன்கள். எல்லை விதி ஊர்ப் பிள்ளைகளைக் காக்கத்தான் இருக்கிறது, அதைப் பெரியவர்கள் மீறும்போது அடி விழுவதும் பிள்ளைகள் மேல்தான். எனக்கு அந்தச் செய்தி இப்போது படித்தாலும் வலிக்கிறது.

குறைகளையும் மறைக்கவில்லை. கோச் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அல்லது அம்மா, மனம் இருக்கும், நுட்பம் இருக்காது. ஒரே அணியில் நான்கு ஆண்டு ஆடியவரும் நேற்று ஷூ வாங்கியவரும் இருப்பார்கள். திறமையான பிள்ளைக்குச் சலிப்புத் தட்டும். இதைச் சரிசெய்ய முடியும். குளிர்காலத்தில் உள்ளரங்க ஃபுட்சால் (ஐந்தைந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்து), வாரம் ஒரு நாள் திறன் பயிற்சி, மற்ற நாளெல்லாம் பூங்காவில் பெரிய பிள்ளைகளோடு சும்மா ஆட்டம். எல்லாம் சேர்த்தாலும் டிராவல் கட்டணத்தில் பாதி வராது.

உயர்நிலைப் பள்ளி அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பள்ளியில் சாக்கர் அணியில் பெரும்பாலும் கிளப் பிள்ளைகளே இருப்பார்கள், ஊர் லீக்கிலிருந்து நேராகப் போவது கடினம். ஆனால் கிராஸ் கன்ட்ரி, டிராக் போன்றவற்றில் பல பள்ளிகள் யாரையும் அணியிலிருந்து கழிப்பதில்லை. ஓடப் பிடிக்கும் பிள்ளைக்கு அங்கே ஓர் அணி காத்திருக்கிறது.

## வழி 4: பெற்றோர் சேர்ந்து ஓர் அணி

ஒரே நேரத்தில் ஐந்தாறு ஊர்ப் பிள்ளைகள் கீழே அனுப்பப்பட்டால் வாட்ஸ்அப்பில் முதலில் எழும் யோசனை இது. செய்யக்கூடியதுதான். மாநில இளைஞர் சாக்கர் சங்கத்திலோ யு.எஸ். கிளப் சாக்கர் என்ற தேசிய அமைப்பிலோ அணியைப் பதிவு செய்தால் காப்பீடு அதோடு வரும். கோச்சாக நிற்கும் பெற்றோர் பின்னணிச் சோதனையும், 2018இல் வந்த சட்டத்துக்குப் பின் கட்டாயமான சேஃப் ஸ்போர்ட் (பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும்) பயிற்சியும் முடிக்க வேண்டும். அடிப்படைக் கோச்சிங் வகுப்புகளை வார இறுதியில் முடிக்கலாம்.

திடல்தான் பெரிய தலைவலி என்பார்கள். இங்கே உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. பல நகராட்சிகள் பூங்காத் திடல்களை ஒதுக்கும்போது, ரோஸ்டரில் குறிப்பிட்ட சதவீதம் அந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்கும் அணிக்கு முன்னுரிமையும் குறைந்த வாடகையும் தருகின்றன. உங்கள் ஊரின் திடல் ஒதுக்கீட்டு விதியைப் படியுங்கள். புதிய அணி தொடங்காவிட்டாலும் இது உதவும். வெளியூர்ப் பிள்ளைகளால் நிறைந்த கிளப் உள்ளூர்ச் சலுகையில் திடல் எடுத்திருந்தால், அதைப் பூங்காக் குழுவின் பொதுக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்ப ஊர்க்காரர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இப்போது கடினமான பகுதி. இத்தகைய அணிகள் இரண்டு விதமாக உடைவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கோச்சின் பிள்ளை எப்போதும் நடுக்களத்தில் ஆடும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். பேஸ்பால் பெற்றோர் இதற்கு 'டாடி பால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, ஒன்பது பேர் ஆட்டம் பதினொரு பேர் ஆட்டமாக மாறும் 13 வயது. அதற்குள் அணியில் நன்றாக ஆடும் இருவரைப் பெரிய கிளப் கூப்பிட்டிருக்கும், மீதி எட்டு ஒன்பது பேர்தான் இருப்பார்கள். ஆள் போதாது. "பக்கத்து ஊரிலிருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். எதை எதிர்த்து அணி தொடங்கினோமோ அதே கேள்வி நம் வாசலுக்கே வந்துவிடும்.

அதனால் முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நிமிடம், இடம் காலியானால் மட்டுமே வெளியிலிருந்து ஆள், இருக்கும் பிள்ளையை நீக்கிவிட்டுப் புதிய ஆள் இல்லை. கோச் வேலையை இரண்டு பெற்றோர் பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பத்து வயதுக்குட்பட்ட, ஏழு பேர் ஆடும் பிரிவுக்கு இது மிகப் பொருத்தம். 13க்கு மேல் நான் யாரையும் இதைத் தொடங்கச் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | இரண்டாம் அணி | வேறு கிளப் | ஊர் லீக் | சொந்த அணி |
|---|---|---|---|---|
| ஆட்ட நிமிடங்கள் | கோச்சைப் பொறுத்தது, மேலேயிருந்து இறங்குவோர் குறைப்பார்கள் | முதல் பருவத்தில் நிச்சயமில்லை | பாதி உறுதி (ஏ.ஒய்.எஸ்.ஓ.) | நாமே எழுதிக்கொள்வது |
| பணம் | முழுக் கட்டணம் | முழுக் கட்டணம், பெட்ரோல், பழைய பாக்கி | பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் | பகிர்ந்தால் நடுத்தரம் |
| குடும்ப நேரம் | பழகியது | மிக அதிகம் | மிகக் குறைவு | காரில் குறைவு, வேலையில் அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | "அடுத்த வருஷம்" என்ற காத்திருப்பு | தோழமை, வீட்டுப்பாடம் | சலிப்பு | பெற்றோர் சண்டை |
| ஏற்ற வயது | 10 முதல் 13 | 13க்கு மேல் | 12வரை, விரும்பினால் எந்த வயதும் | 10க்குள் |

## ஆஃபருக்குப் பதில் எழுதும் முன்

48 மணி நேரக் கெடுவைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டால் பல கிளப்புகள் தருகின்றன, ஏனென்றால் இரண்டாம் அணிக் கட்டணம் அவர்களுக்கும் தேவை. ஊர் லீக் பதிவு பெரும்பாலும் கோடை வரை திறந்திருக்கும், அந்தக் கதவு சட்டென்று மூடாது. முன்பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: ரோஸ்டரில் எத்தனை பேர், ஓர் ஆட்டத்தில் குறைந்தது எத்தனை நிமிடம், கெஸ்ட் பிளேயர் வந்தால் யார் வெளியே உட்கார்வார்கள், முன்பணம் திரும்புமா. தொலைபேசியில் கேட்காதீர்கள். எழுத்தில் வரும் பதில்தான் அக்டோபரில் உதவும்.

பிறகு பிள்ளையிடம் பேசுங்கள், கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு. நாங்கள் ஒரு பருவம் இரண்டாம் அணியில் இருந்துவிட்டு, ஊர் லீக்குக்கு வந்தோம். முதல் ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல், எந்த இடத்திலிருந்து பந்தை எப்படிக் கொடுத்தாள் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். முந்தைய பருவம் முழுக்க அந்தக் காரில் ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதில் அவளே கேட்டு, இருபது நிமிட தூரத்தில் ஒரு சின்னக் கிளப்பில் சேர்ந்தாள். இந்த ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி ஜூனியர் அணிக்கு ட்ரை-அவுட் போகப்போகிறாள். இடம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த முறை அவள் என்னிடம் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருக்கிறது: நீ சரியாகத்தான் ஆடினாய், எத்தனை நிமிடம் ஆடினாய் என்று நானே எண்ணினேன்.